புதிய வேலையும் கையிலிருக்கும் தடியும்

 

 

சென்ற மாதம் ஒரு நாள். இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் மட்டும் ஹவுளு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் விளக்கை அணைக்கப் போனபோது எழுந்து வந்தார். "ஹஜ்ரத், ஒரு வார்த்தை கேக்கணும். நாளையிலிருந்து வேலைக்கு வரலைன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

அவருக்கு வயது 47. நம் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஒரு கை ஏலக்காயை அள்ளினால் போதும். அது எவ்வளவு காய்ந்திருக்கிறது, எத்தனை நாள் தாங்கும், என்ன விலைக்குப் போகும் என்று சொல்லிவிடுவார். கடை முதலாளிக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். கடையை மூடிவிட்டார்கள். நம் சகோதரர் பல மாதம் அலைந்து, மசாலாப் பொருட்களைப் பாக்கெட் போடும் ஒரு கம்பெனியின் குடோனில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே எல்லாம் கம்ப்யூட்டர். மூட்டை வந்தால் அதன் மேலுள்ள கோட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். எடையையும் சரக்கு எண்ணையும் பதிய வேண்டும். அவருக்கு மேலே இருக்கும் சூப்பர்வைசருக்கு 26 வயது. அன்று இவர் ஓர் எண்ணைத் தவறாகப் பதிந்துவிட, லாரி இரண்டு மணி நேரம் காத்து நின்றது. அந்த இளைஞர் சத்தம் போடவில்லை. பக்கத்தில் நின்ற பையனிடம், "அண்ணனுக்கு இது வராது, நீயே போட்டுடு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

"திட்டியிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன் ஹஜ்ரத். இருபத்திரண்டு வருஷம், நான் சரக்கைப் பார்த்து ஒண்ணு சொன்னா முதலாளியே மறுபேச்சு பேச மாட்டாரு. இங்க எனக்கு எதுவும் வராதாம்" என்றார். அந்த மனிதரின் கண் கலங்கியிருந்தது.

அவரிடம் அன்றிரவு நான் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இன்று உங்களிடம் சொல்கிறேன். பெயர் சொல்லாமல் இதைப் பேச அவரே அனுமதி தந்தார். ஏனென்றால் இது அவர் ஒருவரின் கதை அல்ல. இந்த ஸஃப்பில் உட்கார்ந்திருக்கும் பலருடைய கதை. வளைகுடாவில் பதினைந்து, இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர்களும் இங்கே இருக்கிறார்கள். மில் மூடியதால் வேறு வேலை தேடியவர்களும் இருக்கிறார்கள்.

நம் ஊர் பார்க்காத மாற்றமா?

சகோதரர்களே! முதலில் நம் ஊரையே கொஞ்சம் பாருங்கள்.

ஏலக்காய் ஏலம் ஒரு காலத்தில் எப்படி நடந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். ஏலம் விடுபவர் விலையைக் கூவுவார். வியாபாரிகள் எதிர்விலை சொல்வார்கள். யாருடைய குரல், யாருடைய கண்ஜாடை என்பதையெல்லாம் பழகிய ஆட்கள்தான் புரிந்துகொள்வார்கள். 2007-ல் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. கூவல் நின்றது. ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வந்தது. விலையைப் பட்டனில் அழுத்த வேண்டும். திரையில் எண் ஓடும். கூவியே பழகியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திரை வந்த பிறகும் ஒவ்வொரு குவியலின் மாதிரியும் வியாபாரியின் கைக்கு வரத்தான் செய்கிறது. அவர் அதை விரலால் உருட்டிப் பார்க்கிறார், நிறம் பார்க்கிறார், உடைத்து முகர்ந்து பார்க்கிறார். அதன் பிறகுதான் பட்டனை அழுத்துகிறார். விலை சொல்லும் முறை மாறியது. சரக்கை அறியும் அறிவுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறை தாண்டி மூணாறு போய்ப் பாருங்கள். அங்கே தேயிலைக் காட்டில் நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். 2005-ல் டாடா டீ கம்பெனி அந்தத் தோட்டங்களின் நிர்வாகத்திலிருந்து விலகியது. ஏப்ரல் 1 முதல் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதிய கம்பெனி நடத்தத் தொடங்கியது. அதன் பங்குகளில் பெரும்பகுதி அங்கே வேலை பார்ப்பவர்களுக்கே கொடுக்கப்பட்டது. முதல் நாள் வரை கூலி வாங்கியவர், மறுநாள் கூலியும் வாங்குகிறார், பங்குதாரராகவும் இருக்கிறார். அதே செடி, அதே கூடை, அதே மலை. ஆனால் "இனி கம்பெனி நஷ்டப்பட்டால் நானும் நஷ்டப்படுவேன்" என்ற புதிய கவலையைப் பழக வேண்டியிருந்தது. வேலை மாறாமலே வேலை மாறிப்போன கதை அது.

நம் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 முடிவோடு நின்றது. அகல ரயில் பாதையில் போடிக்கு மீண்டும் ரயில் வந்தது 2023 ஜூன் மாதம். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல். பழைய தண்டவாளத்தில் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே ஒரு மீட்டர்தான் இடைவெளி. புதியதில் 1 மீட்டர் 67 சென்டிமீட்டருக்கும் மேல். பழைய பெட்டியை அப்படியே தூக்கிப் புதிய பாதையில் வைத்தால் ஓடாது. இரும்புப் பாதை மாறவே இவ்வளவு காலம் பிடித்தது. மனித மனம் மாற மூன்று மாதம் கூட நாம் கொடுப்பதில்லையே!

அரண்மனையில் வளர்ந்தவர் ஆடு மேய்த்தார்

அல்லாஹ் தன் திருமறையில் நபி மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை ஏன் இத்தனை இடங்களில் சொல்கிறான்? அதில் எல்லோருக்கும் பாடம் இருக்கிறது. வேலை மாறியவருக்கும் இருக்கிறது.

மூஸா (அலை) ஃபிர்அவ்னின் அரண்மனையில் வளர்ந்தவர்கள். உயிருக்கு ஆபத்து வந்தபோது மத்யன் என்ற ஊருக்குத் தனியாகக் கிளம்பிப் போனார்கள். கையில் காசு இல்லை, அறிமுகம் இல்லை. அங்கே கிணற்றடியில் மேய்ப்பர்கள் தங்கள் கால்நடைகளுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்க, இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளோடு ஒதுங்கி நின்றார்கள். மூஸா (அலை) அவர்களுக்காகத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். கூலி கேட்கவில்லை, தான் யார் என்றும் சொல்லவில்லை. பிறகு நிழலில் போய் உட்கார்ந்து, "என் இறைவா, நீ எந்த நன்மையை இறக்கினாலும் எனக்கு அது தேவை" என்ற கருத்தில் துஆ செய்தார்கள். (பார்க்க: அல்கஸஸ் 28:23, 24)

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் உதவி. பிறகு துஆ. அதன் பிறகுதான் வேலை வருகிறது. அந்தப் பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம் இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லும்போது இரண்டு தகுதிகளைச் சொன்னார்: வலிமை, நம்பகத்தன்மை. (28:26) அரண்மனைப் பெருமை அந்தப் பட்டியலில் இல்லை. எட்டு ஆண்டு என்று ஒப்பந்தம் பேசப்பட்டது; பத்தாக நிறைவு செய்வது அவருடைய விருப்பம் என்றும் சொல்லப்பட்டது. மூஸா (அலை) நீண்ட தவணையையே முழுமையாக நிறைவு செய்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது.

அரண்மனையில் வளர்ந்த ஒருவர் அடுத்தவர் ஆட்டை மேய்க்கிறார். "நான் எப்படி இருந்தவன் தெரியுமா?" என்று மத்யன்வாசிகளிடம் அவர் புலம்பியதாக எந்த வசனமும் இல்லை.

நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் மக்காவாசிகளுக்காகக் கூலிக்கு ஆடு மேய்த்ததைத் தாமே சொல்லியிருக்கிறார்கள். (நூல்: புகாரி) பிறகு வியாபாரம் செய்தார்கள். எந்த ஹலாலான வேலையும் ஒரு மனிதனின் மதிப்பைக் குறைத்துவிடாது.

தடியைக் கீழே போடச் சொன்னான் அல்லாஹ்

மத்யனில் தவணை முடிந்து குடும்பத்தோடு திரும்பி வரும் வழியில்தான் மூஸா (அலை) அவர்களுக்கு நுபுவ்வத் கிடைக்கிறது. அந்த இடத்தில் ஓர் உரையாடல். வலக்கையில் இருப்பது என்ன என்று அல்லாஹ் கேட்கிறான். அவனுக்குத் தெரியாதா? தெரியும். மூஸா (அலை) ஆசையாகப் பதில் சொல்கிறார்கள்: இது என் தடி; இதில் சாய்ந்துகொள்வேன்; ஆடுகளுக்கு இலை பறித்துப் போடுவேன்; இன்னும் பல வேலைகளுக்கு உதவும் என்கிறார்கள். (தாஹா 20:17, 18) அது ஆடு மேய்த்த காலத்துத் தடி. பழைய வேலையின் சாமான்.

அல்லாஹ் அதைக் கீழே போடச் சொன்னான். போட்டார்கள். பாம்பாகி நெளிந்தது. பிறகு, பயப்படாமல் எடுங்கள் என்றான். எடுத்தார்கள். பழையபடி தடியானது. (20:19 - 21) அந்தத் தடியால்தான் பின்னர் கடல் பிளந்தது. அதே தடியால் பாறையிலிருந்து பன்னிரண்டு ஊற்றுகள் கிளம்பின.

இந்த வசனங்களின் முதன்மையான நோக்கம் முஃஜிஸாவைச் சொல்வது. அதில் சந்தேகமில்லை. நுபுவ்வத்தை நம் குடோன் வேலையோடு நான் ஒப்பிடவும் இல்லை. ஆனால் ஓதி ஓதி யோசித்ததில் எனக்கு ஒரு படிப்பினை கிடைத்தது. அல்லாஹ் தடியை உடைத்துப் போடச் சொல்லவில்லை. கீழே போடச் சொன்னான். பிறகு எடுக்கச் சொன்னான்.

பல ஆண்டு ஒரே இடத்தில் வேலை பார்த்தவரின் கையில் ஒரு தடி இருக்கிறது. அதுதான் அனுபவம். அதில் சாய்ந்து பழகியவர். புதிய இடத்துக்கு வந்ததும் அதைக் கீழே வைக்க வேண்டும். "எனக்குத் தெரியும்" என்பதைக் கொஞ்ச நாள் கீழே வைக்க வேண்டும். அதை எறிந்துவிட்டுப் போய்விடவும் கூடாது. எடுக்கும் நேரம் வரும்போது பயமில்லாமல் எடுக்க வேண்டும். நாம் செய்யும் தவறு இரண்டு விதம். சிலர் தடியைக் கீழே போடவே மாட்டேன் என்கிறார்கள். சிலர் போட்டதைத் திரும்ப எடுக்காமல், "இனி நான் எதற்கும் லாயக்கில்லை" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நான் செய்த தவறு

முதல் தவறை நானே செய்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த ஊருக்கு வருவதற்கு முன் வேறொரு மாவட்டத்தில் ஒரே பள்ளிவாசலில் 13 ஆண்டுகள் இமாமாக இருந்தேன். அரபிக் கல்லூரியில் ஸனது வாங்கிய கையோடு போய்ச் சேர்ந்த இடம். அங்கே ஒவ்வொரு வீடும் எனக்குப் பழக்கம். இங்கே வந்த முதல் மாதத்திலிருந்தே, "அங்கே நாங்கள் இப்படித்தான் செய்வோம்" என்று ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது சொல்லியிருப்பேன்.

இங்கே பிள்ளைகளின் மக்தப் மாலையில் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பழைய ஊரில் ஃபஜ்ருக்குப் பிறகுதான் மக்தப். பிள்ளைகள் மனம் தெளிவாக இருக்கும் நேரம் அது. யாரிடமும் கேட்காமல் காலைக்கு மாற்றிவிட்டேன். நாற்பது பிள்ளைகள் வந்த இடத்தில் ஒரே மாதத்தில் பதினேழு பேர்தான் வந்தார்கள். "இந்த ஊர் ஜனங்களுக்கு மார்க்கப் பற்று இல்லை" என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

ஒரு நாள், இப்போது வஃபாத்தாகிவிட்ட ஒரு பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: "ஹஜ்ரத், மலைக்குப் போற ஜீப்பு காலையில எத்தனை மணிக்குக் கிளம்புதுன்னு பார்த்திருக்கீங்களா?"

மறுநாள் ஃபஜ்ர் முடிந்து போய்ப் பார்த்தேன். இருட்டு விலகும் முன்பே ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போய்க்கொண்டிருந்தன. மக்தபுக்கு வராத பிள்ளைகளில் பலருடைய அத்தா ஜீப் ஓட்டுகிறார். அம்மா தோட்ட வேலைக்குப் போகிறார். காலையில் அந்த வீட்டில் பிள்ளையை எழுப்பிக் குளிக்க வைத்து அனுப்ப ஆளில்லை. மூத்த பிள்ளைதான் இளையதுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புகிறது. மாலையில் மக்தப் வைத்ததன் காரணம் அதுதான். எனக்கு முன்னிருந்த ஹஜ்ரத்மார்கள் ஊரைப் பார்த்து வைத்த நேரம் அது.

மாலைக்கே மாற்றினேன். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். மார்க்கத்தைப் படித்தவன் நான். ஆனால் ஊரைப் படித்தவர் அந்தப் பெரியவர்.

நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இதற்கு வழிகாட்டல் இருக்கிறது. மதீனா பேரீச்ச மர விவசாயிகளின் ஊர். மக்காவிலிருந்து வந்தவர்களோ வியாபாரத்தில் பழகியவர்கள். மதீனாவாசிகள் பேரீச்ச மரங்களுக்கு மகரந்தச் சேர்க்கை செய்வதை நபி (ஸல்) பார்த்தார்கள். அது தேவையில்லை என்பதுபோல் ஒரு கருத்தைச் சொன்னார்கள். மக்கள் விட்டுவிட்டார்கள், விளைச்சல் குறைந்தது. அப்போது நபி (ஸல்), உலகத் தொழில் விஷயங்களை அதில் இருப்பவர்களே நன்கு அறிவார்கள் என்று தெளிவாக்கிவிட்டார்கள். (நூல்: முஸ்லிம்) அல்லாஹ்வின் தூதரே இப்படிச் சொன்னார்கள் என்றால், புதிய கம்பெனியில் மூன்றாம் நாளே, "இந்த முறையே சரியில்லை" என்று சொல்ல நமக்கு என்ன அவசரம்?

நம்மை விட இளையவரின் கீழ்

நம் சகோதரரின் மனதில் குத்திய முள் இன்னொன்று. 26 வயதுப் பையன் தனக்கு வேலை சொல்கிறான் என்பது.

நபி (ஸல்) தம் கடைசி நாட்களில் ஒரு படைக்குத் தளபதியாக உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களை நியமித்தார்கள். இருபது வயதை ஒட்டிய இளைஞர். அந்தப் படையில் மூத்த ஸஹாபாக்கள் இருந்தார்கள். சிலர் குறை பேசியபோது நபி (ஸல்) அதைக் கண்டித்து, உஸாமா அந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் என்று சொன்னார்கள். (நூல்: புகாரி) பின்னர் கலீஃபா அபூபக்கர் (ரலி) அந்தப் படையை வழியனுப்பியபோது உஸாமா வாகனத்தில் இருக்க, கலீஃபா நடந்து போனார்கள். உமர் (ரலி) மதீனாவில் தம்முடன் தங்க வேண்டும் என்று விரும்பியபோது, ஆணையிடவில்லை. அந்த இளம் தளபதியிடம் அனுமதி கேட்டார்கள் என்று வரலாற்றில் படிக்கிறோம்.

காலித் பின் வலீத் (ரலி) போர்களில் வெற்றி மேல் வெற்றி கண்டவர். உமர் (ரலி) கலீஃபா ஆனதும் அவரைத் தலைமைத் தளபதிப் பொறுப்பிலிருந்து நீக்கி, அபூஉபைதா (ரலி) அவர்களை நியமித்தார்கள். காலித் (ரலி) வாளை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. அபூஉபைதாவின் கீழ் தொடர்ந்து போரிட்டார்.

கற்றுக்கொள்வதற்கும் வயது தடையில்லை. மூஸா (அலை) நபியாக இருந்தும், கிள்ரு (அலை) அவர்களைத் தேடிப் பயணம் போய், உங்களுக்குக் கற்பிக்கப்பட்டதை எனக்கும் கற்றுத் தருவீர்களா என்று பணிவோடு கேட்டதை கஹ்ஃபு சூராவில் ஒவ்வொரு ஜும்ஆவிலும் ஓதுகிறோமே! அந்த 26 வயதுத் தம்பியிடம், "தம்பி, இதை எனக்கு இன்னொரு தடவை காட்டுங்க, நானே போட்டுப் பழகிக்கிறேன்" என்று கேட்பதில் என்ன குறைந்துவிடும்?

எதைக் கீழே போடக்கூடாது?

சகோதரர்களே! அனுபவப் பெருமையைக் கீழே வைக்கலாம். ஆனால் அமானத்தை ஒருபோதும் கீழே வைக்கக்கூடாது.

பழைய கடையின் ரகசியம் ஓர் அமானத். யார் எந்த விலைக்கு வாங்குவார், எந்தத் தோட்டக்காரருக்கு எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது என்பதெல்லாம் 22 வருடத்தில் தெரிந்திருக்கும். புதிய முதலாளியிடம் நல்ல பெயர் வாங்க அதை அவிழ்த்துவிடக்கூடாது. இன்று இவருக்காக அவரைக் காட்டிக்கொடுப்பவர், நாளை இன்னொருவருக்காக இவரைக் காட்டிக்கொடுப்பார் என்று அந்தப் புதிய முதலாளியே நினைப்பார். கைத்திறமை உங்கள் சொந்தம். அதை எங்கும் கொண்டு போகலாம். கணக்குப் புத்தகம் அவருடையது.

பழைய இடத்தைப் பற்றிக் குறை பேசுவதும் வேண்டாம். 22 ஆண்டு நம் பிள்ளைகள் சாப்பிட்ட சோறு அந்த வழியாக வந்தது.

கணக்கைக் கேட்டு வாங்குவது தவறல்ல

இதை வெட்கப்பட்டுப் பலர் விட்டுவிடுகிறார்கள். பல ஆண்டு வேலை பார்த்துப் பிரிபவருக்குச் சேர வேண்டியதைக் கேட்பது அவருடைய ஹக்கு.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில், தொடர்ந்து 5 ஆண்டு வேலை செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. கணக்கு எளிது. பணிக்கொடைக்குக் கணக்கில் எடுக்கும் கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. அதை 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஒருவரின் கடைசிச் சம்பளம் 18,200 ரூபாய் என்றால் நாள் கூலி 700. பதினைந்து நாளுக்கு 10,500. 22 ஆண்டுக்கு 2,31,000 ரூபாய். ஒரு மகளின் படிப்புக்குப் போதுமான தொகை.

பி.எஃப். பிடித்திருந்தால் அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். யு.ஏ.என். என்ற எண் ஒன்றுதான். பழைய கணக்கைப் புதிய கம்பெனிக் கணக்கோடு சேர்த்துவிட்டால், வேலை பார்த்த ஆண்டுகள் தொடர்ச்சியாகக் கணக்கில் வரும். அதன் ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டு சேவை இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் பெறத் தகுதி உண்டு. விவரம் தெரிந்த இளைஞர்கள் நம் ஜமாஅத்திலேயே இருக்கிறார்கள். அஸருக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி இந்தப் பெரியவர்களுக்கு உதவுங்கள். அதுவும் ஸதகாதான்.

முதலாளிகளாக இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். கூலிக்காரரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. (நூல்: இப்னுமாஜா) உங்கள் கடையில் நான்கு பேர்தான் வேலை பார்க்கிறார்கள், சட்டம் உங்களைத் தொடாது என்று இருக்கலாம். இருபது வருடம் உங்கள் கல்லாவைக் காத்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் மறுமையில் என்ன பதில் சொல்வோம் என்று யோசியுங்கள். புதிதாக வந்தவரை நடத்தும் விதத்திலும் அல்லாஹ்வைப் பயப்படுங்கள். "உனக்கு வராது" என்று சொல்ல ஒரு நொடி போதும். அதைக் கேட்டவர் இரவெல்லாம் தூங்க மாட்டார்.

வீட்டில் இருப்பவர்கள்

திரைக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே!

நபி (ஸல்) அவர்களுக்கு நாற்பது வயதில் முதல் வஹீ வந்தது. நடுக்கத்தோடு வீடு வந்து போர்த்திவிடச் சொன்னார்கள். அன்னை கதீஜா (ரலி) என்ன செய்தார்கள்? நபியவர்களின் பழைய குணங்களை நினைவூட்டினார்கள். நீங்கள் உறவைப் பேணுகிறீர்கள், இயலாதவரின் சுமையைச் சுமக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள். அல்லாஹ் உங்களைக் கைவிட மாட்டான் என்ற கருத்தில் ஆறுதல் சொன்னார்கள். (நூல்: புகாரி)

கணவர் புதிய வேலையிலிருந்து முகம் வாடி வந்தால், "பழைய கடையில எவ்வளவு மரியாதையா இருந்தீங்க" என்று பெருமூச்சு விடாதீர்கள். அவரிடம் உள்ள நல்ல குணத்தை எடுத்துச் சொல்லுங்கள். அந்தக் குணம் அவரோடு புதிய இடத்துக்கும் வந்திருக்கிறது.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டா?

எந்த நிலையிலும் அங்கேயே கிட என்று மார்க்கம் சொல்லவில்லை. வேலையில் ஹராம் கலந்திருந்தால், பேசிய சம்பளத்தைத் தராமல் ஏமாற்றினால், உடம்பு தாங்காது என்றால் வெளியே வரலாம். ஆலோசனை கேட்டு, இஸ்திகாரா தொழுது, பேசிய தவணையையோ முன்னறிவிப்பையோ மதித்து, ஒழுங்காக வெளியே வர வேண்டும். வெட்கத்திலும் கோபத்திலும் இரவோடு இரவாக எடுக்கும் முடிவு வேறு. நாம் வெறுக்கும் ஒன்றில் நமக்கு நன்மை இருக்கலாம் என்பதை பகரா சூராவின் 216-ஆவது வசனம் நமக்கு உணர்த்துகிறது.

மதீனாவுக்கு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்ஸாரித் தோழர் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவருக்காக பரக்கத் வேண்டி துஆ செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று மட்டும் கேட்டார் அப்துர் ரஹ்மான் (ரலி). பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார். (நூல்: புகாரி) மக்காவில் பெரிய வியாபாரியாக இருந்தவர், புதிய ஊரில் சின்ன வியாபாரத்திலிருந்து ஆரம்பிக்கத் தயங்கவில்லை.

அந்தச் சகோதரர்

அன்றிரவு அவரிடம் நான் கேட்டது இரண்டுதான். மூன்று மாதம் பொறுங்கள். அதுவரை தினமும் ஒரு விஷயத்தை அந்தத் தம்பியிடம் கேட்டு, ஒரு சின்ன நோட்டில் உங்கள் கையால் எழுதி வையுங்கள். "எங்க கடையில" என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுக்காதீர்கள் என்றேன்.

ஒரு மாதம் ஆகிறது. இன்னும் கம்ப்யூட்டரில் தடுமாறுகிறார். மொத்தம் எட்டுப் படிகள் இருக்கின்றனவாம். ஆறு பழகிவிட்டது, இரண்டு இன்னும் குழப்புகிறது என்றார். போன வாரம் ஏலக்காய் மூட்டைகள் வந்திறங்கியபோது, ஒரு மூட்டையில் கை விட்டவர், "தம்பி, இதைத் தனியா வைங்க. ஈரம் இருக்கு" என்றிருக்கிறார். கருவி வைத்துப் பார்த்தார்கள். ஈரம் அதிகமாகத்தான் இருந்தது. அந்த இளைஞர் எதுவும் பேசாமல் போய்விட்டாராம். மறுநாள் மூட்டை வந்ததும், "அண்ணே, நீங்க ஒரு தடவை பாத்துடுங்க" என்று அவரே கூப்பிட்டிருக்கிறார்.

"அவ்வளவுதான் ஹஜ்ரத், வேற ஒண்ணும் நடக்கல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பல வாரம் கழித்து அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

கீழே வைத்த தடியை அல்லாஹ் எடுக்கச் சொல்லும் நேரம் இப்படித்தான் வரும். ஒரு சாதாரண வேலைநாளில் வரும்.

ரஹ்மானே! வேலை இழந்து நிற்பவர்களுக்கு ஹலாலான வேலையைக் கொடுப்பாயாக! புதிய இடத்தில் தடுமாறுபவர்களுக்கு அதை இலேசாக்குவாயாக! அவர்களுக்கு மேலே இருப்பவர்களின் உள்ளத்தில் இரக்கத்தைப் போடுவாயாக! எங்கள் ரிஸ்கில் பரக்கத் செய்வாயாக! அமானத்தைக் காப்பவர்களாக எங்களை ஆக்குவாயாக!

ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.